தம்பி பின்சீட்டில் இருந்தபோது விபத்து: யார் மேல் கேஸ், எந்த இன்சூரன்ஸ் தரும்?

தம்பிக்காக_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தயவுசெய்து முழுதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு 34 வயது. ஏசி மெக்கானிக். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறான். போன மாதக் கடைசியில் நண்பனுடைய காரில் பின்சீட்டில் வந்துகொண்டிருந்தான். பைபாஸில் ஒரு சரக்கு வேன் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே திரும்பியிருக்கிறது. நண்பனும் வேகமாகத்தான் வந்தான் என்று தம்பியே சொல்கிறான். கார் வேனின் பக்கவாட்டில் போய் மோதிவிட்டது. நண்பனுக்கு ஏர்பேக் திறந்ததால் சிராய்ப்போடு போயிற்று. தம்பிக்கு வலது முட்டிக்குக் கீழ் எலும்பின் தலைப்பகுதி நொறுங்கி, ஆபரேஷன் செய்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்குக் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேன் டிரைவர் முந்திக்கொண்டு போய்ப் புகார் கொடுத்ததால் எஃப்ஐஆர் நண்பன் மேல் இருக்கிறது. வேன் ஓனர் பக்கத்திலிருந்து இருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து, 50,000 ரூபாய் தருகிறோம், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். இன்னொருவர், வக்கீல் ஆபீஸ் ஆள் என்று சொல்லிக்கொண்டு, வருகிற பணத்தில் முப்பது சதவீதம் எங்களுக்கு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வக்காலத்தை நீட்டினார். இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை.

எங்கள் கவலை இதுதான். நஷ்டஈடு கேட்டால் அது நண்பன் மேல் கேஸ் போட்டதாகிவிடுமா? இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள், அவன் அம்மா தினமும் போன் செய்து அழுகிறார். தம்பியிடம் சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது, வருமானத்தை எப்படிக் காட்டுவது? தம்பி மனைவியின் கம்பெனி இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டது, அதனால் நஷ்டஈடு குறையுமா? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சாலைப்பயணி:

அனுபவத்தில் சொல்கிறேன் சகோதரி, கோர்ட் என்றால் வருடக்கணக்கு. 50,000 என்பதை ஒரு லட்சமாக உயர்த்திப் பேசி, கையில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். எஃப்ஐஆரும் உங்களுக்குச் சாதகமாக இல்லை.

எம்சிஓபி_குமாஸ்தா:

அம்மா, தயவுசெஞ்சு மேல இருக்கிறதைக் கேட்டு எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. விபத்து நஷ்டஈடு கேஸ்தான் எங்க ஆபீஸ்ல பெரும்பங்கு. கட்டுக் கட்டறதும், நகல் மனு போடறதும், சாட்சியைக் கூட்டிட்டுப் போறதும் என் வேலை. அதனால எது கேஸைத் தூக்கும், எது கவுக்கும்னு தெரியும்.

முதல்ல உங்க தம்பி நண்பரோட அம்மாவுக்கு ஆறுதல் சொல்லுங்க. எஃப்ஐஆர்ங்கிறது கிரிமினல் கேஸ். அது நீங்க நஷ்டஈடு கேட்டாலும் கேட்காட்டியும் அது பாட்டுக்கு நடக்கும். நீங்க போடப்போறது மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவுல, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல ஒரு மனு. அதுல நண்பர் எதிர்மனுதாரரா வருவார், உண்மைதான். ஆனா அவரோட இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூட்டிட்டு வர்றதுக்கான வாசல் அது. லைசென்ஸ் சரியா இருந்து, பாலிசி நடப்புல இருந்து, பாலிசி நிபந்தனை எதையும் மீறாம இருந்தா பணம் கட்டறது கம்பெனி. அவர் பாக்கெட்ல கை வைக்க மாட்டாங்க. குடிச்சிருந்தாலோ, லைசென்ஸ் இல்லாம இருந்தாலோதான், கம்பெனி முதல்ல உங்களுக்குக் கொடுத்துட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கன்னு உத்தரவு வர வாய்ப்பு. நண்பருக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லைன்னா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இதனால மனஸ்தாபம் வர வேண்டியதே இல்லை.

உங்களுக்கு உண்மையான பலம் தம்பி பின்சீட்ல இருந்ததுதான். அவர் வண்டி ஓட்டலை, அவர் மேல தப்புச் சொல்ல இடமில்லை. ரெண்டு வண்டியும் தப்புப் பண்ணி மூணாவது ஆளுக்கு அடிபட்டா, ரெண்டு பேர் மேலயும் கேட்கலாம், இல்ல ஒருத்தர்கிட்டயே முழுத் தொகையும் கேட்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2015-ல கெனேயி வழக்குல தெளிவாச் சொல்லியிருக்கு. யார் எத்தனை பங்குன்னு அவங்களுக்குள்ள அடிச்சுக்கட்டும். அதனால வேன் ஓனர், வேன் இன்சூரன்ஸ், கார் ஓனர், கார் இன்சூரன்ஸ் நாலு பேரையும் சேர்க்கச் சொல்லுங்க. எஃப்ஐஆர்ல யார் பேர் இருக்குங்கிறது முக்கியம், ஆனா அதுவே முடிவு இல்லை. தீர்ப்பாயம் பார்வை மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதற குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (விபத்து நடந்த இடத்தோட வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, நேர்ல பார்த்த சாட்சி எல்லாத்தையும் பார்க்கும். தம்பியே நேர்ல பார்த்த சாட்சி. இண்டிகேட்டர் போடாம குறுக்கே திரும்பினதை விசாரணை அதிகாரிகிட்ட வாக்குமூலமாப் பதிவு பண்ணச் சொல்லுங்க. நண்பர் வேகமா வந்ததையும் மறைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னா குறுக்கு விசாரணையில திணற வேண்டியதில்லை, சட்டப்படியும் அதனால உங்களுக்கு நட்டமில்லை.

எஃப்ஐஆர் நகலை எடுத்து எந்தப் பிரிவுன்னு பாருங்க. பெரும்பாலும் பிஎன்எஸ், அதாவது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல 281 (கண்மூடித்தனமா ஓட்டினது), 125(ஏ) (சாதாக் காயம்)ன்னு போட்டிருப்பாங்க. எலும்பு முறிஞ்சாலே அது கொடுங்காயம், 125(பி)க்கு மாத்தணும். ஆஸ்பத்திரி காயச் சான்று ஸ்டேஷனுக்குப் போனாத்தான் மாத்துவாங்க. அது போச்சான்னு நீங்க பின்னாடி நின்னு கேட்கணும். 2022-ல வந்த விதிப்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள்ள விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். அனுப்பினாங்களான்னும் கேளுங்க.

அடுத்தது, நண்பர் காருக்கு எந்த பாலிசின்னு பார்த்தீங்களா? "ஃபுல் இன்சூரன்ஸ்"னு வாயால சொல்றதை நம்பாதீங்க, காகிதத்தைப் பாருங்க. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா சொந்தக் கார்ல கூட வந்தவங்களுக்கு அது பொறுப்பாகாதுன்னு கம்பெனி நிக்கும். பேக்கேஜ் பாலிசின்னா உள்ள இருந்தவங்களுக்கும் கம்பெனி பொறுப்பு. 2009-லயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்கு, 2012-ல பாலகிருஷ்ணன் வழக்குல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. வேன் நம்பரை எம்பரிவாகன் செயலியில போட்டா அதோட இன்சூரன்ஸ் எது வரைக்கும் இருக்குன்னு தெரியும்.

மனு போட ஆறு மாசம்தான் கெடு. 2019 திருத்தம், 2022 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறை. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துல வழக்கு நடக்குது, தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி பண்ணாதீங்கன்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவும் வந்துச்சு. அதை நம்பி உட்கார வேண்டாம். சிகிச்சை முடியாட்டியும் மனுவைப் போட்டுடலாம். விபத்து எங்கயோ நடந்திருந்தாலும் நீங்க குடியிருக்கிற ஊர் தீர்ப்பாயத்துலயே போடலாம், அலைச்சல் மிச்சம்.

முப்பது சதவீதம் கேட்ட ஆளை வாசல்லயே திருப்பி அனுப்புங்க. ஜெயிக்கிற பணத்துல பங்குன்னு வக்கீல் ஃபீஸ் பேசறதை பார் கவுன்சில் விதியே தடுக்குது. ஆஸ்பத்திரி வார்டுல சுத்தறவங்க பெரும்பாலும் தரகருங்க. வலியில கிடக்கறவங்ககிட்ட வந்து வெத்து வக்காலத்துல கையெழுத்து வாங்கறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆறலை. நேரா ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போய், முகத்தைப் பார்த்துப் பேசி, ஃபீஸை எழுத்துல வாங்கிக்குங்க. வசதி இல்லைன்னா கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, அங்க போய்க் கேளுங்க. ரெண்டு வக்கீல்கிட்ட வக்காலத்து போட்டுடாதீங்க, அது பெரிய தலைவலி.

வருமானம் பத்தித் தனியா எழுதறேன், அது இந்த கேஸோட உயிர்.

பிசியோ_வார்டு:

நான் எலும்புப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் கோர்ட்டுக்குப் போகும் கேஸ் ஷீட்களில் நாங்கள் எழுதுவதுதான் இருக்கும், அதனால் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஏ.ஆர். காப்பியை வாங்கிப் பாருங்கள். விபத்து நடந்த அன்று தம்பியை முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களோ அங்கே எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல் அது. எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார், எப்படி அடிபட்டது என்று டூட்டி டாக்டர் ஒரு வரி எழுதியிருப்பார். "காரில் பயணம் செய்தபோது வேனுடன் மோதி" என்று இருந்தால் நல்லது. அவசரத்தில் "கீழே விழுந்ததாக" என்று எழுதிய கேஸ்களைப் பார்த்திருக்கிறேன், பிறகு அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு சொல்ல முடியாது.

அடுத்து முட்டி. இந்த இடத்தில் எலும்பு நொறுங்கினால் மூட்டின் பரப்பே உடைந்திருக்கும். எலும்பு கூடியபிறகும் முட்டி முன்போல மடங்காமல் போகலாம், சில வருடங்களில் மூட்டுத் தேய்மானமும் வரலாம். நல்ல முட்டி 135 டிகிரி வாக்கில் மடங்கும். படி ஏற 90 டிகிரி வாக்கில் இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் குந்தி உட்கார அது போதாது. ஒவ்வொரு முறை பிசியோவுக்கு வரும்போதும் கோணமானி வைத்து அளந்து, எத்தனை டிகிரி என்று தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். "முன்னேற்றம் உள்ளது" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. பிளேட்டைப் பின்னால் எடுக்க வேண்டி வருமா, செலவு எவ்வளவு ஆகும் என்றும் சர்ஜனிடம் எழுத்தில் கேளுங்கள்.

பயிற்சியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். பயிற்சியை நிறுத்தினால் ஊனச் சதவீதம் கூடும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே கேட்காதீர்கள். அது தம்பியின் கால்.

எம்சிஓபி_குமாஸ்தா:

மேடம் சொன்னது ஒவ்வொண்ணும் தங்கம். அந்த டிகிரி கணக்குதான் வருமானத்தோட போய்ச் சேரும். எப்படின்னு சொல்றேன்.

மெடிக்கல் போர்டுல, அதாவது ஊனத்தைப் பார்த்துச் சான்று தர்ற டாக்டர் குழுவுல, ஒரு சதவீதம் போடுவாங்க. காலுக்கு மட்டும் 30 சதவீதம்னா உடம்பு முழுக்கக் கணக்குப் பார்த்தா 10 சதவீதம்தான்னு இன்சூரன்ஸ் வக்கீல் வாதாடுவார். ரெண்டுமே முடிவான எண் இல்லை. 2010-ல ராஜ்குமார் - அஜய்குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் என்ன கேட்குதுன்னா, இந்த ஊனத்தால இந்த ஆள் செஞ்ச வேலையை இனிமே எந்த அளவுக்குச் செய்ய முடியும்? இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ சம்பாதிக்கிற திறன் கிட்டத்தட்ட முழுசாவே போயிடலாம், அதே கை போன அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலும் இருக்கலாம்னு அந்தத் தீர்ப்புலயே உதாரணம் இருக்கு.

தம்பி ஏசி மெக்கானிக். அவுட்டோர் யூனிட் எங்க இருக்கும்? மாடிச் சுவருக்கு வெளியில சன்ஷேடு மேலயோ ஆங்கிள்லயோ. ஏணி ஏறி, ஒரு கால்ல பாரம் கொடுத்து, முட்டியை மடக்கிக் குந்தி, தோள்ல கேஸ் சிலிண்டரோட போகணும். 90 டிகிரிதான் மடங்கும்னா அந்த வேலை முடிஞ்சுது. கடைக்குள்ள உட்கார்ந்து போர்டு ரிப்பேர் பண்றதுதான் மிச்சம். இதை மனுவுலயே விளக்கமா எழுதணும், தம்பி கூண்டுல ஏறிச் சொல்லணும், டாக்டரும் சொல்லணும். "கடின வேலை செய்ய இயலாது"ன்னு ஒத்தை வரியில எழுதின மனுக்களைக் கட்டுக் கட்டாப் பார்க்கிறேன், மனசு கொதிக்கும்.

சாலைப்பயணி அண்ணனுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டறேன். மாச வருமானம் 20,000ன்னு நிரூபிச்சதா வைங்க. சொந்தத் தொழில், 40 வயசுக்குக் கீழ, அதனால எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டணும், பிரணய் சேதி வழக்கு, 2017. மாசம் 28,000, வருஷம் 3,36,000. வருஷ வருமானத்தை வயசுக்கேத்த ஒரு எண்ணால பெருக்குவாங்க, 34 வயசுக்கு அந்தப் பெருக்கும் எண் 16, சர்லா வர்மா வழக்கு, 2009. மொத்தம் 53,76,000. திறன் இழப்பு 10 சதவீதம்னா 5,37,600 ரூபாய். 30 சதவீதம்னா 16,12,800 ரூபாய். காயம்பட்ட கேஸ்ல சொந்தச் செலவுன்னு இதுல கழிக்கவும் மாட்டாங்க. இதுக்கு மேல ஆஸ்பத்திரிச் செலவு, படுத்திருந்த மாசங்களோட வருமானம், கூட இருந்து பார்த்துக்கிட்டவங்களுக்கு, வலி வேதனைக்கு, பின்னாடி வர்ற ஆபரேஷனுக்குன்னு தனித்தனியா உண்டு, வட்டியும் உண்டு. இதுல ஒரு பைசாவும் உத்தரவாதம்னு நான் சொல்லலை. பெருக்கும் எண்ணை விட்டுட்டு, சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய்னு மொத்தமாப் போட்டு முடிக்கிற தீர்ப்பும் வருது. வேலை எப்படிப் பாதிச்சதுங்கிறது சாட்சியத்துல இல்லைன்னா அதுதான் நடக்கும். ஆனா 50,000-க்கு எழுதிக் கொடுக்கச் சொல்றது எவ்வளவு பெரிய அநியாயம்னு இப்பப் புரியும்.

வருமானத்துக்கு சம்பளச் சீட்டு வேண்டியதில்லை. தம்பி போன்ல வர்ற யுபிஐ பணம், பேங்க் ஸ்டேட்மென்ட், ஏசிக்குப் போடற கேஸும் காப்பர் குழாயும் வாங்கின கடை பில்லு, ஐடிஐ சான்று இருந்தா அது. வழக்கமாக் கூப்பிடற வாடிக்கையாளர்ல ஒருத்தர் சாட்சி சொல்ல வந்தா இன்னும் பலம். எந்தக் காகிதமும் இல்லாத காய்கறி வியாபாரிக்கு மாசம் 6,500 வருமானம்னு உச்ச நீதிமன்றம் 2014-ல சையத் சாதிக் வழக்குல ஏத்துக்கிச்சு. அது 2008-ல நடந்த விபத்து. தொழில் தெரிஞ்ச மெக்கானிக்குக் குறைச்சு மதிக்கக் காரணமில்லை.

கம்பெனி இன்சூரன்ஸ் கட்டின தொகையைக் கழிக்கணும்னு எதிர்த்தரப்பு கேட்கும். கழிக்கக் கூடாதுன்னு மும்பை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2025-ல சொல்லியிருக்கு, உங்க வக்கீல் அதை எடுத்து வைக்கலாம். ஒரிஜினல் பில்லு இன்சூரன்ஸுக்குப் போயிருந்தா ஆஸ்பத்திரி முத்திரையோட நகல் வாங்கி வைங்க. மருந்துக்கடை பில்லு வெளுத்துப் போகும், இன்னைக்கே ஜெராக்ஸ் எடுங்க.

வருஷக்கணக்கு ஆகும்னு அண்ணன் சொன்னது முழுப் பொய் இல்லை. அதுக்குத்தான் மக்கள் நீதிமன்றம் இருக்கு. ஊனச் சான்று கைக்கு வந்தபிறகு அங்க பேசி முடிக்கலாம், பணமும் சீக்கிரம் வரும். அங்க முடிச்சா அப்பீல் கிடையாது, அதனால தொகையை நல்லா யோசிச்சுட்டு ஒத்துக்குங்க.

தம்பிக்காக_அக்கா:

ஐயா, மேடம், எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவுட்டோர் யூனிட் பற்றி எழுதியதைக் கேட்டதும், "எனக்குச் சொல்லத் தெரியாததை இவர் சொல்லிட்டார்" என்றான்.

நண்பனின் பாலிசியை வாங்கிப் பார்த்தேன். பேக்கேஜ் பாலிசி என்றுதான் இருக்கிறது, தேதியும் நடப்பில் இருக்கிறது. லைசென்ஸும் சரியாக இருக்கிறது, அவனுக்குக் குடிப்பழக்கம் இல்லை. அவன் அம்மாவிடமும் பேசிவிட்டேன்.

ஏ.ஆர். காப்பியில் ஒரு சந்தேகம். முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் வாங்கினேன். "கார் விபத்து" என்று இருக்கிறது, ஆனால் வேன் பற்றி ஒன்றுமே இல்லை. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் 108 என்று மட்டும் இருக்கிறது. இது பிரச்சினை ஆகுமா?

எம்சிஓபி_குமாஸ்தா:

பயப்பட வேண்டாம்மா. சாலை விபத்துன்னு இருக்கு, கீழே விழுந்ததுன்னு இல்லை, அதுவே போதும். யார் எதையாவது திருத்தித் தர்றேன்னு சொன்னாலும் அந்தக் காகிதத்துல ஒரு எழுத்தும் மாறக் கூடாது. வேன் இருந்ததை எஃப்ஐஆரே சொல்லுது, புகார் கொடுத்தவரே வேன் டிரைவர்தானே. ரெண்டு வண்டியையும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து, எந்தப் பக்கம் என்ன சேதம்னு எழுதியிருப்பார். வேனோட பக்கவாட்டுல அடி இருக்குன்னு அதுல இருந்தா, வேன் குறுக்கே வந்ததா தம்பி சொல்றதுக்கு அது துணை நிக்கும். அந்த அறிக்கையும் ரஃப் ஸ்கெட்சும் ஸ்டேஷன்ல நகல் கேளுங்க. 108-ல கூட்டிட்டுப் போனதுக்கும் அவங்ககிட்ட பதிவு இருக்கும்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஏ.ஆர். காப்பி, எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்த எக்ஸ்ரே, பில்லு, ரெண்டு வண்டி பாலிசி விவரம், தம்பி ஆதார், தம்பி பேர்லயே இருக்கிற பேங்க் பாஸ்புக் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. தீர்ப்புத் தொகை நேரா அவர் கணக்குக்கே வர்ற மாதிரி மனுவுலயே கணக்கு நம்பர் கொடுத்துடுங்க. பிசியோ போற ஒவ்வொரு தடவையும் டிகிரி எழுதி வாங்குங்க, நிறுத்திடாதீங்க. மனு போட்டு எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது தீர்ப்பாயத்துல உங்க மனுவோட நம்பர், ஆனதும் இங்க வந்து சொல்லுங்க, மெடிக்கல் போர்டுக்குப் போகறதுக்கு முன்னாடி என்னென்ன தயார் பண்ணணும்னு எழுதறேன்.